வெயில், சாரல், மலைக்குளிர்: பைக்கில் போக என்ன உடுத்துவது, ஏன்?

மதுரையில் பைக் ஜாக்கெட் என்று பேச்செடுத்தால் ஒருத்தர் உடனே "அடிக்கிற வெயிலுக்கு அது வேறயா, வெந்து சாகவா?" என்பார். இன்னொருத்தர், வாட்டர்ப்ரூஃப் என்று நம்பி பெரிய விலை கொடுத்து எடுத்ததையும் மேலூர் தாண்டுவதற்குள் உள்ளே சட்டை ஈரமாகிவிட்டதையும் சொல்லிப் புலம்புவார். மூன்றாவது ஆள், "ஜெர்கினை முன்பக்கம் பின்பக்கமா மாத்திப் போட்டு ஓட்டுங்க, எந்தக் குளிரும் அண்டாது" என்பார். கடைக்காரரோ "சார், இது ஆல் வெதர்" என்று எதையாவது தலையில் கட்டப் பார்ப்பார். இவர்களில் இயற்பியலுக்குப் பக்கத்தில் இருப்பவர் அந்த ஜெர்கின் ஆள்தான். அது ஏன் என்று புரிந்துவிட்டால், எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஒரே பகலில் மூன்று ஊர் வானிலை

ஆடி மாதம் காலையில் காளவாசலில் கிளம்பி, தேசிய நெடுஞ்சாலை 85-இல் செக்கானூரணி, உசிலம்பட்டி வழியாக மூணாறு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உசிலம்பட்டி வரை நல்ல வெயில். ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டியதும் மேற்கேயிருந்து வரும் காற்று நேராக நெஞ்சில் மோதும். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் சாரல் பிடித்துக்கொள்ளும், பூப்பாறை பக்கம் நன்றாகவே கொட்டும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு, வெறும் காய்ந்த காற்றை நம் பக்கம் அனுப்புகிறது. அதனால்தான் இங்கே புழுதி பறக்கும்போது அங்கே ஓடை ஓடுகிறது.

உயரம் ஏற ஏறக் காற்று 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குளிர்கிறது. மதுரை கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர்தான், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். ஆக, வத்தலக்குண்டில் டீ குடித்துவிட்டு மலை ஏறி முடிப்பதற்குள், மதுரையில் இருந்ததைவிடச் சுமார் 13 டிகிரி குறைந்துவிடும், அதுவும் வானம் தெளிவாக இருந்தால். மலைப்பக்கமே போகாதவர்களும் தப்ப முடியாது. புரட்டாசி, ஐப்பசியில் பகலெல்லாம் புழுங்க வைத்துவிட்டு, சரியாக வேலை விட்டுக் கிளம்பும் நேரத்தில் இடியோடு கொட்டும்.

பானைத் தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது

மண்பானையின் நுண்துளைகள் வழியே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளிப்பக்கம் வருகிறது. அங்கிருந்து ஆவியாகிறது. ஆவியாகத் தேவைப்படும் வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்வதால் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. ஜன்னலோரம் காற்றுப் படும்படி வைத்தால் இன்னும் நன்றாகக் குளிரும். அதே பானையைப் பாலிதீன் பைக்குள் வைத்து வாயைக் கட்டிப் பாருங்கள்: தண்ணீர் குளிராது, பையின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும்.

உங்கள் உடம்பு அந்தப் பானை, வேர்வைதான் கசியும் தண்ணீர், பைக் ஓடும்போது வரும் காற்று ஜன்னல் காற்று. ரெயின் கோட் எது என்று சொல்லத் தேவையில்லை.

இப்படி ஆவியாதல் எடுத்துக்கொள்ளும் வெப்பம் நாம் நினைப்பதைவிட மிக அதிகம். ஒரு லிட்டர் வேர்வை முழுக்க ஆவியாவதற்கு ஆகும் வெப்பத்தில், ஏழெட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுபோகலாம். பைக் உடுப்பு என்பது எல்லாம் இந்த ஆவியாதலை எப்போது நடக்க விடுவது, எப்போது தடுப்பது என்பதைப் பற்றியதுதான். வெயிலில் நடக்க வேண்டும். குளிரில் நடக்கக் கூடாது. ஒரே துணி இரண்டையும் செய்யாது, அதனால்தான் "ஆல் வெதர்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

வெயிலில்: காற்று எப்போதும் குளிர்விக்காது

தோலின் வெப்பநிலை 33-லிருந்து 35 டிகிரி வாக்கில் இருக்கும். வெளிக்காற்று அதைவிடக் குறைவாக இருந்தால், காற்று படும்போதெல்லாம் உடம்பு வெப்பத்தை இழக்கும். சித்திரை வைகாசியில் வெளியே 39, 40 என்று ஏறிவிட்டால் கதை தலைகீழ்: மோதுகிற காற்றே உடம்பைச் சூடேற்றுகிறது, காப்பாற்றுவது வேர்வை ஆவியாதல் மட்டும்தான். பனியனோடு, கை தெரிய ஓட்டினால் வேர்வை தோலில் நிற்கக்கூட நேரமில்லாமல் பறந்துவிடும், வெயில் நேராகத் தோலில் விழும், திருமங்கலம் போய் இறங்கும்போது தலை வலிக்கும். உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்குத்தான் மெஷ் ஜாக்கெட். வலை மாதிரி துளையுள்ள தடித்த துணியில் தைத்தது. காற்று உள்ளே வரும், ஆனால் வெயில் தோலில் படாது. உள்ளே ஒரு பருத்திச் சட்டையை நனைத்துப் பிழிந்து போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்கு நீங்கள் நடமாடும் பானைதான். பருத்தியைப் பைக் ஓட்டுபவர்கள் பொதுவாகத் திட்டுவார்கள்; காய்ந்த வெயிலுக்கு அதை அடிக்க ஆளில்லை, மழையிலும் மலையிலும்தான் அது எதிரி. பெரியார் பஸ் ஸ்டாண்ட் சிக்னலில் வண்டி நிற்கும்போது மெஷ்ஷும் வேகும் என்பது உண்மை. நின்றால் எதுவும் வேகும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: வெயிலில் வேர்வைக்கு வெளியேறும் வழியும் தோலுக்கு நிழலும் வேண்டும், மெஷ் இரண்டையும் தரும்.

குளிரில்: ஸ்வெட்டர் ஏன் தோற்கிறது

குளிர் என்று ஒன்று உள்ளே நுழைவதில்லை, உடம்பின் சூடுதான் வெளியே போகிறது. தோலை ஒட்டி மெல்லிசாக ஒரு சூடான காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஸ்வெட்டர், கம்பளி எல்லாமே நூலுக்கு நடுவில் காற்றைப் பிடித்து அசையாமல் வைத்திருப்பதால்தான் கதகதப்பாக இருக்கின்றன. பைக்கில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தப் படலத்தைக் காற்று நொடிக்கு நொடி உரித்துக்கொண்டு போகிறது. ஸ்வெட்டரின் ஓட்டை வழியாகவும் புகுந்து, பிடித்து வைத்த காற்றைத் துரத்திவிடுகிறது. மொத்தமான ஸ்வெட்டர் போட்டும் நடுங்குவது இதனால்தான்.

காற்று வீசுவதால் கூடுதலாக உணரும் இந்தக் குளிரைக் காற்றுக்குளிர் என்று சொல்லலாம். வானிலைக்காரர்களிடம் இதற்குச் சூத்திரம் உண்டு. அதில் போட்டுப் பார்த்தால், 10 டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று தோலுக்கு ஐந்தரை டிகிரி மாதிரி இருக்கும். மார்கழி விடியற்காலையில் கொடைக்கானலில் 10 டிகிரி சர்வ சாதாரணம்.

இப்போது ஜெர்கின் ஆளுக்கு வருவோம். ஜெர்கினை வழக்கம்போலப் போட்டால் நடுவில் ஜிப், ஜிப்பின் பற்களுக்கு நடுவே காற்று, காலர் வழியே இன்னும் கொஞ்சம். திருப்பிப் போட்டால் நெஞ்சுக்கு நேராக இடைவெளியே இல்லாத ஒரே துணி. காற்றைத் தடுக்கும் அடுக்கு முன்னால் வந்துவிட்டது, அவ்வளவுதான். விடியற்காலையில் பால் கேன் கட்டிப் போகிறவர்கள் சட்டைக்குள் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்வதும் இதே வேலைதான், இரண்டு ரூபாய்கூடச் செலவில்லை.

ஆக, குளிருக்கு வேண்டியது கனம் இல்லை, வரிசை. உள்ளே வேர்வையைத் தேக்காத மெல்லிய பனியன், நடுவில் காற்றைப் பிடித்து வைக்கும் ஸ்வெட்டரோ, ஃப்ளீஸ் என்று விற்கும் பஞ்சு மாதிரியான செயற்கைத் துணியோ, வெளியே காற்றை உள்ளே விடாத ஒன்று. இப்படி ஒன்றின் மேல் ஒன்றாகப் போடும் ஒவ்வொன்றையும் லேயர் என்பார்கள். வெளி லேயர் சரியாக இருந்தால் நடு லேயர் வீட்டில் இருக்கும் பழைய ஸ்வெட்டராகவே இருக்கலாம். உள் லேயருக்கு மட்டும் பருத்தி வேண்டாம், விளையாட்டு பனியன் என்று விற்கும் பாலியெஸ்டர் போதும். அது தண்ணீரை நூலுக்குள் இழுத்துக்கொள்ளாது, சீக்கிரம் காயும். நனைந்த பருத்தி டீஷர்ட் தன் எடையைவிட அதிகமான தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மலையில் உங்களைப் பானையாக்கிக்கொண்டே இருக்கும். 25 டிகிரியில் பல் கிட்டுவது இப்படித்தான்.

விரல் மரத்துப்போனால் எல்லாரும் முதலில் கிளவுஸைத்தான் குறை சொல்வார்கள். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு கை, கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும், எனவே முதலில் நெஞ்சை மூடுங்கள், விரல் பாதி சரியாகிவிடும்.

மழையில்: கசிகிறதா, வேர்க்கிறதா

அந்த மேலூர் புலம்பலுக்கு வருவோம். உள்ளே சட்டை ஈரமாக இருந்தால் கோட் கசிகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தோளும் முதுகும் ஒரே சீராகப் பிசுபிசுவென்று இருந்தால் அது பெரும்பாலும் வேர்வை, பாலிதீன் பைக்குள் வைத்த பானை. மழைத்தண்ணீர் இடம் பார்த்துத்தான் வரும்: கழுத்து, ஜிப் ஓரம், மணிக்கட்டு, அதைவிட முக்கியமாகக் கால்சட்டையின் கவட்டுத் தையல். சீட்டில் நீங்கள் உட்காரும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், உங்கள் எடை அதை அழுத்தும், தையல் ஓட்டை வழியே உள்ளே போகும். மேலே காய்ந்திருந்து கீழே மட்டும் நனைந்து, ஆபீஸில் போய் நிற்கச் சங்கடமாக இருந்தால் காரணம் இதுதான்.

ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. அந்த ஓட்டைகள் மேல் உட்பக்கமாக ஒட்டும் மெல்லிய பட்டைக்கு சீம் டேப் என்று பெயர். துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்தப் பட்டை இல்லையென்றால் அது தூறலுக்கு மட்டும்தான் ஆகும்.

அடுத்து மெம்ப்ரேன். விலை கூடிய ஜாக்கெட்டுகளில் இருக்கும் மிக மெல்லிய படலம் இது. நீர்த்துளி நுழைய முடியாத அளவு சின்னத் துளைகள், ஆனால் நீராவி வெளியே போகலாம். கேட்க அற்புதமாக இருக்கிறது, குளிர் நாடுகளில் நன்றாகவே வேலையும் செய்கிறது. ஆனால் நீராவி தானாக வெளியேற, உள்ளே சூடும் ஈரப்பதமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் மதுரையில் வெளிக்காற்றே வெதுவெதுப்பாக, ஈரம் சொட்டச் சொட்ட நிற்கிறது. நீராவி எங்கே போகும்? மலையில் அடிக்கடி ஓட்டுபவர் வாங்கட்டும், ஊருக்குள்ளும் நாலு வழிச் சாலையிலும் ஓட்டுபவருக்கு அந்தப் பணம் தண்டம் என்பது என் கருத்து.

வாட்டர்ப்ரூஃப் என்று விற்கும் நடுத்தர விலை ஜாக்கெட்டுகளில் பலவற்றில் மழைத் தடுப்பு வெளித்துணியில் இருக்காது. உள்ளே ஜிப் போட்டு மாட்டும் தனி உறை, அதாவது லைனர் ஒன்றுதான் மழையைத் தடுக்கும். வெளித்துணி மழையைக் குடித்துக் கனத்துப்போய், காற்றில் ஆவியாகி உங்களைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். அதைவிடக் கொடுமை, லைனரை மாட்ட மழையிலேயே ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். இதற்கு மெஷ் ஜாக்கெட்டுக்கு மேலே ஒரு சாதாரண ரெயின் கோட்டை மாட்டுவது எல்லா வகையிலும் மேல். பாலத்துக்கு அடியில் வண்டியை நிறுத்தி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மெஷ்ஷின் மேடுபள்ளமான துணி கோட்டைத் தோலில் ஒட்டவிடாமல் கொஞ்சம் இடைவெளி விடுவதால் பிசுபிசுப்பும் குறையும். இன்னொரு லாபம்: மழையே இல்லாத மலைக்குளிருக்கும் அதே கோட்தான் காற்றைத் தடுக்கும் வெளி லேயர்.

மழைப் பகுதியின் சுருக்கம்: ஈரம் எங்கே என்று பார்த்தால் வேர்வையா கசிவா தெரியும், டேப்பைப் பாருங்கள், மழைத் தடுப்பு வெளியே இருக்கட்டும்.

கடையில் கையில் எடுத்தால்

லேபிளைப் படிப்பதைவிடத் துணியைச் சோதிப்பது எளிது. துணியை உதட்டோடு ஒட்டி வைத்து ஊதுங்கள். மூச்சு தாராளமாக மறுபக்கம் போனால் அது வெயில் உடுப்பு. கன்னம் உப்பி மூச்சு திரும்பி வந்தால் காற்றைத் தடுக்கும் உடுப்பு. கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

ரெயின் கோட்டை உள்வெளியாகத் திருப்புங்கள். தோள், அக்குள், கவடு, மூன்று இடத்திலும் தையல் மேல் பளபளவென்று டேப் ஓட வேண்டும், நகத்தால் லேசாகச் சுரண்டினால் ஓரம் தூக்கக் கூடாது. பல கோட்டுகளில் தோளுக்கு டேப் போட்டுவிட்டுக் கவட்டில் விட்டிருப்பார்கள், தண்ணீர் நிற்கிற இடமே அதுதான். ஜிப்புக்கு மேல் ஒரு மடிப்பும், மடிப்பை ஒட்ட வெல்க்ரோவும் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மெஷ் ஜாக்கெட்டின் மேலேயே போட்டு, கடையில் இருக்கும் ஸ்டூலில் ஹேண்டில் பிடிப்பது மாதிரி கையை நீட்டி உட்காருங்கள். நின்றால் சரியாக இருக்கும் கோட், உட்கார்ந்தால் முதுகில் ஒரு சாண் மேலே ஏறும், கை மணிக்கட்டை விட்டு விலகும். பெரும்பாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பும் சாம்பலும் அழுக்குத் தெரியாது என்று எடுக்கிறார்கள். கொட்டும் மழையில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு ஆளே தெரியாது. மஞ்சள் எடுங்கள், கிண்டல் செய்பவர்கள் செய்யட்டும். போர்வை மாதிரித் தலைவழியாகப் போடும் கோட்டை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், காற்றில் பறக்கும் நுனி செயினிலோ பின் சக்கரத்திலோ மாட்டினால் மழையைவிடப் பெரிய ஆபத்து.

விழுந்தால்

இதுவரை வானிலை மட்டும் பேசினோம். ஜெர்கினும் ரெயின் கோட்டும் விழும்போது எதற்கும் ஆகாது. தார்ச் சாலையில் உரசினால் மெல்லிய நைலான் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அடியில் மெஷ் ஜாக்கெட்டை வைத்தேன். அதில் தோள், முழங்கை, முதுகுப் பகுதிகளில் அடி வாங்கிக்கொள்ளும் தட்டுகள் இருக்கும், இவற்றுக்கு ஆர்மர் என்று பெயர். ஐரோப்பியத் தரமான சிஇ குறியும் லெவல் 1 அல்லது லெவல் 2 என்ற எழுத்தும் தட்டிலேயே அச்சாகியிருக்க வேண்டும். லெவல் 2 உடம்புக்குக் கடத்தும் அடி குறைவு. முதுகில் பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஸ்பாஞ்ச்தான் இருக்கும், கையை விட்டு வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். தட்டு சரியான இடத்தில் நிற்க ஜாக்கெட் உடம்போடு இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் விழும்போது தட்டு ஒரு பக்கம், முழங்கை ஒரு பக்கம்.

கையில் இருக்கும் பணத்துக்கு

ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் இல்லையென்றால் வேறு எதையும் பேச வேண்டாம், முதலில் அது. அடுத்து விரல் முழுக்க மூடும் கிளவுஸ், விழும்போது நாம் முதலில் ஊன்றுவது கையைத்தான். அப்புறம் டேப் போட்ட இரண்டு துண்டு ரெயின் கோட், ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். பிறகு ஆர்மர் உள்ள மெஷ் ஜாக்கெட். நம் நாட்டுத் தயாரிப்புகளில் ஐயாயிரம், ஏழாயிரம் வாக்கில் ஆரம்பமாகிறது, இதற்குக் கொஞ்சம் காத்திருந்து சேர்த்து வாங்கினாலும் தப்பில்லை. ஃப்ளீஸ், தெர்மல் என்ற குளிர்கால உள்ளுடுப்பு எல்லாம் கடைசி. கொடைக்கானலுக்கு வருடத்தில் ஓரிரு முறை போகிறவர் அதற்கென்று எதுவும் வாங்க வேண்டியதில்லை, பீரோவில் இருக்கும் ஸ்வெட்டர், மேலே ரெயின் கோட், காதுக்கு ஹெல்மெட்டுக்குள் ஒரு மெல்லிய துணி.

சில்லறைச் செலவில் முடியும் வேலைகளும் உண்டு. சாக்ஸுக்கு மேல் பாலிதீன் பையை மாட்டி ஷூ போட்டால் கால் நனையாது. கிளவுஸுக்குள் மருந்துக்கடை ரப்பர் கையுறை போட்டால் காற்று விரலைத் தொடாது. மழையில் கிளவுஸின் வாயைக் கோட்டின் கைக்கு உள்ளே விடுங்கள்; கை சரிந்து இருப்பதால் தண்ணீர் தோளிலிருந்து மணிக்கட்டுக்குத்தான் ஓடும், வெளியே விட்டால் கிளவுஸ் நிரம்பிவிடும்.

போடும் நேரம்தான் பலர் கோட்டை விடும் இடம். போடியில் வேர்க்கிறதே என்று எதுவும் போடாமல் ஏறி, நடுவில் நனைந்து, நடுங்கிய பிறகு கோட்டை மாட்டினால் உள்ளே ஈரம் பூட்டப்பட்டுவிடும், அது காய வழியில்லை. அடிவாரத்தில் டீக்கடையில் நிற்கும்போதே உள் பனியனை மாற்றி, எதிரே மலை உச்சி மேகத்தில் மறைந்திருந்தால் கோட்டையும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். பையில் கோட் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கட்டும், துணிமணிக்கு அடியில் இருந்தால் அதை எடுப்பதற்குள் நனைந்துவிடுவீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரக் கோட்டைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணிக்க வேண்டாம், உள்பூச்சு ஒன்றோடொன்று ஒட்டி உரிந்துவிடும். வெறும் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள், வாஷிங் மெஷின் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி அறவே வேண்டாம். டேப் மட்டும் ஓரிடத்தில் தூக்கியிருந்தால் சீம் டேப்போ அதற்கான பசையோ வாங்கி ஒட்டிவிடலாம். உட்பக்கம் தடவும்போது கையில் மாவு மாதிரி உதிர்ந்தால் பூச்சே போய்விட்டது, அதை வண்டியை மூட வைத்துக்கொண்டு வேறு கோட் பாருங்கள்.